குண்டு மிளகாய் வெளிநடப்பு

போன ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் ஒரு வினாடி வினா. கேள்வி கேட்டவர் கோட் போட்டிருந்தார். பதில் சொல்ல வந்தவர்கள் மூன்று காலேஜ் பையன்கள். மூன்று பேரும் கண்ணாடி போட்டவர்கள், மூன்று பேரும் நன்றாகப் படிக்கிறவர்கள் மாதிரி முகம்.

‘ஐரோப்பாவின் பொதுச் சந்தையில் இருந்துவிட்டு, பேச்சுவார்த்தை நடத்தி அதை விட்டு முதன்முதலில் வெளியேறிய நாடு எது?’

முதல் பையன் ‘பாஸ்’ என்றான். இரண்டாவது பையனும் பாஸ். மூன்றாவது பையன் மேலே ஃபேனைப் பார்த்தான். அங்கே எழுதி வைத்திருக்கவில்லை போலிருக்கிறது... அவனும் பாஸ்.

சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த நான் கையில் பாதி நறுக்கிய காயோடு ஹாலுக்கு ஓடி வந்தேன். ‘கிரீன்லாந்து!’ என்று கத்தினேன்.

கோட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! இவர் தினமும் இங்கிலீஷ் பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிக்கிறவர். நானோ ராசி பலனையும், நான் எழுதும் இந்தப் பத்தியில் அச்சுப்பிழை விழுந்திருக்கிறதா என்பதையும் மட்டும் பார்க்கிறவள்.

‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்றார். குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது. இருக்கட்டும்.

எப்படித் தெரியுமா? எங்கள் ஊரில் முப்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் தெரியும். ஆடு மேய்க்கிறவர்கள்கூடச் சொல்வார்கள். கிரீன்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அது எதிலிருந்து வெளியேறியது, எதற்காக வெளியேறியது என்பது மட்டும் பிசகாமல் தெரியும். காரணம் ரொம்ப எளிது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் நாங்களும் ஒன்றிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தோம்!

எங்கள் ஊர் பூவநேந்தல். பந்தல்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரிசல் காட்டுப் பாதையில் ஒரு மணி நேரம் நடந்தால் வரும். சுற்றிலும் இன்னும் நான்கு ஊர்கள். ஐந்தும் சேர்ந்து ஐந்தூர்க் கூட்டு. பூசணிக்காய்க் கூட்டு அல்ல, இது வேறு. ஐந்து ஊருக்கும் ஒரே சந்தை, செவ்வாய்க்கிழமை, பெரியமடை என்ற ஊரில். ஐந்து ஊர் மிளகாயும் மல்லியும் ஒரே லாரியில் விருதுநகர் போகும். யூனியன் ஆபீசில் போய் ரோடு கேட்பதானாலும் போர் போடக் கேட்பதானாலும் ஐந்து ஊரும் ஒரே குரலில் கேட்கும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள்கூடப் பெரியமடையில் மட்டும் ஜீப்பை நிறுத்திப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். மற்ற நான்கு ஊருக்கும் செய்தி தானாக வந்து சேரும்.

கூட்டுக்குத் தலைவர் பெரியமடை சீனியப்ப அண்ணாச்சி. மளிகைக் கடை வைத்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை, ஆனால் பேச்சு மட்டும் வெல்லம். யாரையும் கடிந்து பேச மாட்டார். கடிய வேண்டிய விஷயத்தையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அதனால் கேட்கிறவருக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைக்கும்.

எங்கள் ஊருக்குத் தலைவர் என் அக்காவின் வீட்டுக்காரர், வேலுச்சாமி அத்தான். நல்ல மனுஷர். கோபம் வந்தால் மட்டும் குள்ளமான ஆள் இரண்டு அங்குலம் உயர்ந்து தெரிவார். ஆமாம், அத்தான் குள்ளம். கொஞ்சம் உருண்டையும்கூட. இதை நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த உருண்டையில்தான் சண்டையே ஆரம்பித்தது.

எங்கள் ஊர்க் கரிசலில் விளைவது குண்டு மிளகாய். மற்ற நான்கு ஊர்களிலும் நீட்டு மிளகாய். ஒரு வருஷம் கூட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஐந்தூர் லாரியில் ஏறும் மூட்டை எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், நீட்டு மிளகாய்தான் முதலில் ஏறும், குண்டு மிளகாய் கடைசியில், வால் பக்கம், இடம் இருந்தால்.

இடம் இருந்தால்!

அத்தான் எழுந்து நின்று எதிர்த்துப் பேசினார். எங்கள் மிளகாயின் காரமென்ன, நிறமென்ன, மணமென்ன என்று அரை மணி நேரம். முடிந்ததும் பின்வரிசையில் இருந்து யாரோ ஒருத்தர் சொன்னார்: “அவுக ஊரு மொளகாயும் ஆளும் ஒரே வாட்டம்ப்பா.”

சபை சிரித்தது. சீனியப்ப அண்ணாச்சி சிரிக்கவில்லை. ஆனால் மீசை ஆடியது. அதை அத்தான் பார்த்துவிட்டார்.

அந்தக் கோபத்தோடு மறுநாள் பந்தல்குடி டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர் கையில் கிடைத்தது பேப்பர். அதில் ஒரு மூலையில் சின்னச் செய்தி. கிரீன்லாந்து என்ற பனி நாடு, பத்து நாடுகள் சேர்ந்த பொதுச் சந்தையில் இருந்து விலகப் பேச்சு நடத்துகிறதாம். காரணம் மீன். எங்கள் கடலில் எங்கள் மீனை நாங்கள் பிடிக்க ஊரார் எல்லாம் சட்டம் போடுவதா என்று கேட்கிறார்களாம்.

அத்தான் டீக்கடைக்காரரிடம் கேட்காமலே அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்து மடியில் கட்டிக்கொண்டு ஊருக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். அம்மன் கோவில் முன்னால் ஊரைக் கூட்டி வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார்.

“அங்க மீனு. இங்க மொளகா. வித்தியாசம் எதுனாச்சும் இருக்கா?” என்றார்.

“அந்த ஊர்ல மழை தண்ணி எப்பிடி வேலு?” என்று ஒருவர் கேட்டார்.

“மழையா? வருசம் பூராவும் பனிதானாம். ஊரே பனிக்கட்டிதானாம்.”

“குடுத்து வச்சவுக” என்று நாலைந்து பேர் பெருமூச்சு விட்டார்கள். எங்கள் பக்கத்துக் கஷ்டம் அப்படி.

“அம்புட்டுக் குளிர்ல கெடக்கிறவனுக்கே ரோசம் வருது. இம்புட்டு வெயில்ல கெடக்கிற நமக்கு வர வேண்டாமா?” என்றார் அத்தான்.

வந்தது. ஊரே எழுந்து நின்றது. ஐந்தூர்க் கூட்டை விட்டு விலகுவது என்று ஏகமனதாகத் தீர்மானம். எழுதியவள் நான்தான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன், கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். பெரியமடைக் கூட்டத்துக்கு வழக்கமாக எழுதுகிறவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதனால் பேச்சுவார்த்தைக்கு இரண்டு தரப்புக்கும் நானே எழுத்தர். உலகத்தில் எந்த நாட்டுப் பேச்சுவார்த்தையிலாவது இப்படி நடக்குமா?

முதல் செவ்வாய், முதல் சுற்றுப் பேச்சு. சந்தைக்குப் பின்னால் இருந்த சாவடியில் எல்லோரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தோம்.

அண்ணாச்சி ரொம்ப மரியாதையாக ஆரம்பித்தார். “போறதுன்னு முடிவு பண்ணிட்டீக. தடுக்க நாங்க யாரு? ஆனா பொதுச் சாமான் இருக்கில்ல, அத எப்பிடிப் பிரிக்க?”

அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது, கல்யாணம் பண்ணுவதைவிடப் பிரிவதற்கு எவ்வளவு சாமான் வேண்டும் என்று. பெரிய தராசு ஒன்று இருந்தது. ஐந்தில் ஒரு பங்கு தராசை எப்படி எடுத்துக்கொண்டு போவது? மைக் செட்டில் குழாய் எங்கள் ஊர் வாங்கிக் கொடுத்தது, பெட்டி பெரியமடை வாங்கியது. குழாயை எங்களிடம் கொடுத்துவிட்டால் அவர்கள் பெட்டியில் பேசுவதை யார் கேட்பார்கள்? குழாயை மட்டும் வாங்கிக்கொண்டு நாங்கள் எதில் பேசுவது?

“வாயில வச்சுப் பேசிக்கிறோம்” என்றார் அத்தான்.

நாங்கள் உட்கார்ந்திருந்த ஜமுக்காளமும் பொது என்று அப்போது ஒருவர் ஞாபகப்படுத்தினார். எங்கள் ஊர்க்காரர்கள் ஐந்து பேரும் எழுந்து மண்ணில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் மட்டும் ஜமுக்காளத்திலேயே இருந்தேன். எழுத்தர் நடுநிலை இல்லையா!

அத்தான் ஜெயித்த மாதிரி வீட்டுக்கு வந்தார். அக்கா சோறு போட்டாள். என் அக்கா சண்முகத்தாய் அதிகம் பேச மாட்டாள். குழம்பை ஊற்றிக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்ப என் எடம்?”

அத்தான் பிசைந்த சோறு பிசைந்தபடி நின்றது.

அக்காவுக்குப் பெரியமடைச் சந்தையில் காராச்சேவுக் கடை. கடை என்றால் ஒரு அடுப்பு, ஒரு எண்ணெய்ச் சட்டி, ஓட்டை போட்ட ஒரு தகரத் தட்டு. தட்டில் மாவை வைத்து உள்ளங்கையால் அவள் தேய்க்கிற வேகத்துக்குச் சேவு மழை மாதிரி எண்ணெயில் விழும். வாசலில் இருந்து மூன்றாவது இடம், கொட்டகைக்கு உள்ளே, சுவர் ஓரம். அந்த இடத்தைப் பிடிக்க அவள் எத்தனை வருஷம் மூலையில் கிடந்து படிப்படியாக முன்னால் வந்தாள் என்று எனக்குத் தெரியும். ஆடிக் காற்றில்கூட அங்கே அடுப்பு ஆடாது. மூத்த மகளைப் படிக்க வைப்பதும் அந்த அடுப்புத்தான், மானாவாரி பொய்த்த வருஷங்களில் வீட்டைத் தாங்கியதும் அதேதான்.

ஐந்தூர்க்காரர்களுக்குத்தான் கொட்டகைக்குள் இடம். வெளியூர்க்காரர்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம், வெட்டவெளியில். அங்கே புழுதி பறக்கிற பறப்பில் எண்ணெய்ச் சட்டியைத் திறக்கவே முடியாது. வளையல்காரர் பிழைக்கலாம், பாய்க்காரர் பிழைக்கலாம். சேவுக் கடை பிழைக்குமா?

ஊர் மானத்தை எல்லாம் யோசித்த அத்தான், தன் வீட்டு அடுப்பை யோசிக்க மறந்துவிட்டார். கிரீன்லாந்தில் எத்தனை தலைவர்கள் இப்படி வீட்டில் மாட்டிக்கொண்டார்களோ!

“அதையும் பேசிருவோம்” என்றார், மெல்லமாக.

இரண்டாவது செவ்வாய் பேசினார். “நாங்க வெலகிக்கிறோம். ஆனா சந்தையில எங்க ஊரு ஆளுக எடம் மட்டும் இருந்தபடி இருக்கட்டும்.”

அண்ணாச்சி சிரித்தார். “அப்ப கூட்டுல இருக்கவும் மாட்டீக, கொட்டகைய விட்டு எந்திரிக்கவும் மாட்டீக. நல்லாருக்கே மாப்ள! மத்த மூணு ஊருக்காரவுக நாளைக்கு இதையே கேட்டா நான் என்ன சொல்ல?”

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. போதாக்குறைக்கு எங்கள் ஊர் ஆள் ஒருத்தரே குறுக்கே விழுந்தார். “இது ஊருக்குக் கேக்குறதா, இல்ல வீட்டுக்குக் கேக்குறதா வேலு?”

அவ்வளவுதான். அத்தானுடைய காது மடல் சிவந்துவிட்டது. “என் வீட்டுக்குன்னு நான் ஒண்ணும் கேக்கல. கேட்டத வாபஸ் வாங்கிக்கிறேன். எழுதிக்க பாப்பா” என்றார் என்னைப் பார்த்து.

எனக்குப் பேனா ஓடவில்லை. ஏனென்றால் அக்கா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். சபைக்குச் சேவு கொடுக்க வந்தவள், தட்டோடு தூண் ஓரம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போல் இருந்தது. அத்தான் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். குழாயை வாயில் வைத்துப் பேசட்டும், நன்றாகப் பேசட்டும் என்று மனசுக்குள் திட்டினேன்.

எழுதி முடித்ததும் அண்ணாச்சி, “சரி, வெலகல் கடுதாசி ஒண்ணு எழுதிக் குடுத்துருங்க. வர்ற செவ்வாக்கெழமையோட முடிஞ்சது” என்றார்.

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

“அண்ணாச்சி, நான் பேசலாமா? கூட்டுல சேரயில, அப்பத் தலைவரா இருந்த எங்கய்யா கடுதாசி எழுதிச் சேரல. சபையில எந்திரிச்சு நின்னு, ‘நாங்களும் வாரோம்’னு வாயால சொல்லித்தான் சேந்தாக. இப்ப ஒரு காயிதத்த வீசிட்டுப் போறது எங்க ஊருக்கு மரியாதையா இருக்காது. அவுகளும் சபையில நின்னு வாயாலயே சொல்லட்டும்.”

சபை முழுக்கத் தலையாட்டியது. அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். “பாரு, பொம்பளப் பிள்ளைக்குத் தெரியுது மொற” என்றார். அத்தானுக்கும் பெருமை. இடம் போகிறதே என்று அழுவாள் என்று பயந்த பெண்டாட்டி, ஊர் மரியாதையைப் பேசுகிறாள்! நான் எழுதினேன்: ‘பூவநேந்தல் தலைவர் சபையில் எழுந்து நின்று வாயால் சொல்லும் சொல்லே செல்லும். அச்சொல் அப்படியே நோட்டில் பதியப்படும்.’

மூன்றாவது செவ்வாய் வந்தது. அத்தான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டார். அது அவருடைய கல்யாண வேட்டி. ஊரில் பாதிப் பேர் கூட வந்தார்கள். குழாயைத் தூக்கிப் போக ஒரு மாட்டு வண்டியும் வந்தது. சாவடியில் நிற்க இடமில்லை. நான் நோட்டைத் திறந்து, ‘தலைவர் சொன்னது’ என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டுக் காத்திருந்தேன்.

அத்தான் எழுந்தார். தொண்டையைச் செருமினார். அண்ணாச்சியைப் பார்த்தார். இருபது வருஷப் பழக்கம். அத்தானுடைய கல்யாணத்துக்கு அரிசி மூட்டையோடு வந்து மூன்று நாள் தங்கிப் பந்தி பார்த்தவர் அண்ணாச்சி. அவர் கண் கலங்கியிருந்தது. அத்தானுக்கும் கலங்கிவிட்டது. கையைக் கூப்பினார்.

“அப்ப... நாங்க போயிட்டு வாரோம்” என்றார்.

அண்ணாச்சியும் எழுந்து கையைக் கூப்பினார். “நல்லது மாப்ள. நல்லபடியாப் போயிட்டு வாங்க.”

சபையில் இருந்த அத்தனை வாயும் சேர்ந்து சொல்லிற்று — “போயிட்டு வாங்க!”

என் பேனா ஒரு நிமிஷம் நின்றது. உங்களுக்குப் புரிகிறதா? எங்கள் பக்கத்தில் ‘போறேன்’ என்ற சொல்லை ஒருத்தர் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். அது சாவுக்குச் சமானம். விருந்துக்கு வந்தவர் ‘போயிட்டு வாரேன்’ என்பார். பக்கத்துத் தெருவுக்குப் போகிறவரும் அதைத்தான் சொல்வார். கொல்லைப் பக்கம் ஒதுங்கப் போகிறவரும் அதைத்தான் சொல்வார். மேடையில் எதிரியைப் பற்றிப் பேசும்போது ‘போறோம், போறோம்’ என்று முழங்கிவிடலாம். விடைபெறுகிற நேரத்தில், கையைக் கூப்பிக்கொண்டு, அந்தச் சொல் யாருக்கு வரும்? போவதற்கு ஒரு சொல்லே எங்களிடம் இல்லை. வெள்ளைக்காரர்களுக்கு எத்தனையோ சௌகரியம்.

நான் சுற்றிலும் பார்த்தேன். யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. திருத்தியிருக்கலாம். ‘அத்தான், போறோம்னு சொல்லுங்க’ என்று எடுத்துக் கொடுத்திருக்கலாம். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. எழுத்தரின் வேலை கேட்டதை எழுதுவது. முத்து முத்தாக எழுதினேன். அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார், அத்தான் கையெழுத்துப் போட்டார். குழாய் வண்டியில் ஏறியது. விடுதலை வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம்.

அடுத்த ஏழு நாள் விடுதலை எப்படி இருந்தது தெரியுமா? அத்தான் தினமும் பந்தல்குடிக்குப் போய்த் தூத்துக்குடி ரோட்டில் நின்று லாரிகளுக்குக் கையைக் காட்டினார். உப்பு லோடு நிற்கவில்லை. சிமெண்ட் லோடு நிற்கவில்லை. நின்ற ஒரே ஒரு டிரைவரும், “ஒரு ஊரு மொளகாய்க்காக அந்தக் காட்டுப் பாதையில எல்லாம் வண்டிய விட முடியாதுண்ணே” என்று டீ மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஊரில் வீட்டுக்கு வீடு மூட்டை. கூடத்தில் மூட்டை, தொட்டில் கட்டுகிற இடத்தில் மூட்டை. ஊர் முழுக்கத் தும்மிக்கொண்டே இருந்தது. ஆனால் ஒருத்தரும் வாயைத் திறந்து தப்புப் பண்ணிவிட்டோம் என்று சொல்லவில்லை. மானம் இருக்கிறதே!

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா வழக்கம்போலச் சட்டியைத் துலக்கி, மாவைக் கட்டி, தலையில் ஏற்றினாள்.

“எங்க கெளம்பிட்ட?” என்றார் அத்தான்.

“சந்தைக்கு.”

“அங்க உள்ள விட மாட்டாகத்தா. ரோட்டுல உக்காரச் சொல்லுவாக.”

“சொல்லட்டும்” என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து, “ஏட்டி, நீயும் வா. நோட்ட எடுத்துக்க” என்றாள்.

போனோம். நேரே மூன்றாவது இடத்தில் போய் அடுப்பை வைத்தாள். எண்ணெய் காய்வதற்குள், வாசலில் கடைச் சீட்டுக் கிழிக்கிற வாசல்காரர் ஓடிப் போய் அண்ணாச்சியைக் கூட்டி வந்துவிட்டார். பின்னாலேயே நாலு ஊர்க் கூட்டமும் வந்தது. இடம் போனால் அவளுக்கு எல்லாமே போனது, அதுவும் சந்தை நடுவில் எழுப்பிவிட்டால்... நினைக்கவே முடியவில்லை.

“என்னத்தா சம்முகத்தாயி” என்றார் அண்ணாச்சி, சங்கடமாக. “போயிட்டீகளே. இப்ப இப்பிடி உக்காந்தா எப்பிடி?”

அக்கா மாவைப் பிசைந்துகொண்டே சொன்னாள். “போனோம்ணாச்சி. வந்துட்டோம்.”

“அப்பிடின்னா?”

“வாயால சொல்றதுதான செல்லும்னு பேசுனோம்? நோட்ட வாசிக்கச் சொல்லுங்க.”

நான் நோட்டைத் திறந்து வாசித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. “சத்தமா” என்றாள் அக்கா. சத்தமாக வாசித்தேன். ‘தலைவர் சொன்னது: அப்ப நாங்க போயிட்டு வாரோம். கூட்டுத் தலைவர் சொன்னது: நல்லபடியாப் போயிட்டு வாங்க. சபையோர் சொன்னது: போயிட்டு வாங்க.’

அக்கா ஒரு துளி மாவை எண்ணெயில் போட்டுச் சூடு பார்த்தாள்.

“நீங்களும் போயிட்டு வாங்கன்னுதான சொன்னீக? சபையே சொல்லுச்சே. பெரியவுக வாக்கத் தட்டலாமா? அதான் வந்துட்டோம்” என்றாள் அக்கா.

அண்ணாச்சி நோட்டை வாங்கித் தன் கையெழுத்தை உற்றுப் பார்த்தார். ஒருமுறை பார்த்தார். இன்னொருமுறை பார்த்தார். பிறகு ஆரம்பித்தது சிரிப்பு. முதலில் மீசை ஆடியது, அப்புறம் தோள் ஆடியது, கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கா கடைப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாலு ஊரும் சிரித்தது. வாசல்காரர் சிரித்த சிரிப்பில் சீட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

“சரித்தா, வந்துட்டீக. அந்தக் குண்டு மொளகாப் பிரச்சன அப்பிடியே இருக்கே” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அக்கா அப்போதுதான் முதல் ஈடு காராச்சேவு எடுத்திருந்தாள். ஒரு கை அள்ளி இலையில் வைத்து அவரிடம் நீட்டினாள். “தின்னுங்க.” அண்ணாச்சி தின்றார். “எப்பிடி இருக்கு?”

“இதக் கேக்கணுமா? வாராவாரம் திங்கிறதுதான? உன் சேவுக்குன்னே விருதுநகர் லாரிக்காரன் ஒரு மணி நேரம் முன்னாடியே வாரான்.”

“இதுல அரச்சுப் போட்டுருக்கிறது எந்த மொளகான்னு நெனச்சீக?”

அண்ணாச்சியின் வாய் பாதியில் நின்றது. மென்றதைப் பார்க்க முடியாது, ஆனால் பார்க்க முயற்சி பண்ணினார். நீட்டு மிளகாய் ஊர்க்காரர்கள் நாலு பேர் கையில் இருந்த இலையைக் குனிந்து பார்த்தார்கள். சட்டம் கொண்டுவந்த பிறகும் வாராவாரம் அத்தனை பேரும் ருசித்துத் தின்றது எங்கள் குண்டு மிளகாயை! பூண்டோடு சேர்த்து அம்மியில் அரைத்தது.

அன்று மத்தியானமே லாரி பூவநேந்தலுக்கு வந்தது. குண்டு மூட்டைக்குத் தனி வரிசை, நீட்டு மூட்டைக்குத் தனி வரிசை, எந்த ஊர் மூட்டை முதலில் வருகிறதோ அது முதலில் ஏறும் என்று புதுத் தீர்மானம். அதையும் நான்தான் எழுதினேன். பின்வரிசையில் இருந்து அந்தக் கிண்டலைச் சொன்னவர் யாரென்று கடைசி வரை தெரியவில்லை. ஆனால் ஒருத்தர் மட்டும் அன்று அக்காவிடம் மூன்று தடவை சேவு வாங்கித் தின்றார். எனக்குச் சந்தேகம் அவர் மேல்தான்.

அத்தானுக்கு இரண்டு நாள் என் மேல் கோபம். “நீயாவது ‘போறோம்’னு எழுதியிருக்கலாம்ல பாப்பா?” என்றார். “நீங்க அப்பிடிச் சொல்லலையே அத்தான்” என்றேன். யோசித்துப் பார்த்தார். சிரித்துவிட்டார். அவருக்கும் உள்ளுக்குள் நிம்மதிதான். தொட்டில் கட்டுகிற இடத்து மூட்டை போயிருந்தது.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் ஓயவில்லை. அந்த வார்த்தை தற்செயலாக வந்து அக்கா அதைப் பிடித்துக்கொண்டாளா? இல்லை, வாயால் சொல்லட்டும் என்று அவள் கேட்டபோதே அவளுக்குத் தெரியுமா? ஒருநாள் அவள் சட்டி துலக்கிக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன்.

“அத்தான் அப்பிடித்தான் சொல்லுவாகன்னு உனக்கு எப்பிடிக்கா தெரியும்? ஒருவேள ‘போறோம்’னே சொல்லியிருந்தா?”

அக்கா கையை நிறுத்தவில்லை.

“கல்யாணமான புதுசுல, சாப்புடயில ஒரு சண்ட. ‘இனிமே இந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்’னு தெருவே கேக்கச் சத்தம் போட்டாக. செருப்ப மாட்டுனாக. துண்ட ஒதறித் தோள்ல போட்டாக. வாசல்ல நின்னு திரும்பிப் பாத்து, ‘சரி, போயிட்டு வாரேன்’னாக.”

“வந்தாகளா?”

“மோரு ஊத்துறதுக்குள்ள வந்துட்டாக.”